கடை மீது ஆன்லைனில் புகார் கொடுப்பது எப்படி: எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சைட்டில் பொருள் காலை வாரியதும் நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம், வாட்ஸ்அப் குரூப்பில் கடைப் பெயரைப் போட்டுத் திட்டுவதுதான். ஆத்திரம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு மெசேஜுக்குப் பிறகு கடைக்காரர் நம் போனை எடுக்கமாட்டார், கம்பெனி ஆள் நம்மை நம்பமாட்டார், வீட்டுக்காரர் நம் வேலையையே சந்தேகப்பட ஆரம்பிப்பார்.

நான் ஒயரிங் வேலை பார்க்கிறவன். என் புகார்களோடு, கூட வேலை பார்க்கும் தம்பிகளின் புகார்களையும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் பொய் சொல்லித் தோற்றவர் யாருமில்லை. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்து தோற்றவர்கள்தான் அதிகம். அதனால் இங்கே எதைச் செய்வது என்பதோடு, எதற்குப் பிறகு எதைச் செய்வது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உதாரணங்கள் ஒயரிங் வேலையிலிருந்து வரும்; பைப்புக்கும் பிளைவுட்டுக்கும் இதே வழிதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: பில், பொருளின் கவர் அல்லது அட்டைப்பெட்டி, பணம் கொடுத்ததற்கான சான்று, கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடல், பிறகு கெட்டுப்போன பொருள். இதில் பில்லையும் பொருளையும் தொலைத்தவர்களுக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்து கொடுக்க முடிந்ததில்லை.

1. வேலையை நிறுத்துங்கள், பொருளைத் தொடாதீர்கள்

சந்தேகம் வந்த நிமிடத்தில் அந்தப் பொருளைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். ஒயர்ச் சுருளில் (காயில்) பாதியை இழுத்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தால், "தெரிந்தேதானே இழுத்தாய்" என்பார்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது.

டிரில்லிங் மெஷின் புகைந்தால் உடனே ஸ்குரூவைக் கழற்றி உள்ளே சுழலும் ஆர்மேச்சரைப் பார்க்கக் கை துறுதுறுக்கும். கழற்றாதீர்கள். வெளியாள் திறந்த மெஷினுக்கு வாரண்டி கிடையாது என்று சொல்ல சர்வீஸ் சென்டருக்கு அதுவே போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. நாளை நுகர்வோர் ஆணையம் வரை போனால், அவர்கள் அந்தப் பொருளின் மாதிரியை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நீங்கள் பிரித்துப் போட்ட பொருளில் ஆய்வகம் எதைக் கண்டுபிடிக்கும்?

கவரில் உள்ள பேட்ச் எண் (ஒரே தொகுதியாகத் தயாரான சரக்கின் எண்), தயாரித்த மாதம், விலை, ஐஎஸ்ஐ முத்திரை எல்லாம் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். கவர் குப்பைக்குப் போவது சைட்டில் தினம் நடக்கிறது. ஹெல்பர் பையனிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்: வேலை முடியும் வரை எந்தக் கவரையும் தூக்கிப் போடக் கூடாது.

2. பில் யார் பெயரில் இருக்கிறது?

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மறுவிற்பனைக்கும் வணிக நோக்கத்துக்கும் வாங்குகிறவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கித் தானே பயன்படுத்தினால், அது வணிக நோக்கத்தில் சேராது என்றும் அதே சட்டம் விளக்கம் தருகிறது. பழைய சட்டம் இருந்தபோதே, 1995-ல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் புரியும்படி சொல்லிவிட்டது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர். தானே இயக்கிப் பிழைக்க லேத் மெஷின் வாங்குகிறவரும் நுகர்வோர். உதவிக்கு ஒன்றிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது.

ஆகவே உங்கள் டிரில்லிங் மெஷின், கட்டர், மல்டிமீட்டர், ஏணி போன்றவை உங்கள் பெயரில் வாங்கிய உங்கள் கருவிகள். புகார் கொடுக்க வேண்டியவர் நீங்கள். புகாரிலேயே "சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கி, நானே பயன்படுத்தி வருகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இந்த வரி இல்லையென்றால் எதிர்த்தரப்பு முதல் பதிலிலேயே வணிக நோக்கம் என்ற வாதத்தைத் தூக்கிப் போடும்.

வீட்டுக்குள் போகும் ஒயர், ஸ்விட்ச், பைப், பிளைவுட் விஷயம் வேறு. இவற்றை உங்கள் பெயரில் வாங்கி வீட்டுக்காரரிடம் பணம் வாங்கினால், மறுவிற்பனை என்று வாதிட இடம் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு வேலையிலும் மெட்டீரியல் பில்லை வீட்டுக்காரர் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். பிரச்சினை வந்தால் புகார் அவர் பெயரில் போகும்; தொழில் தெரிந்தவராக நீங்கள் அளந்து எழுதிக் கொடுக்கலாம்.

அடுத்தது "எஸ்டிமேட்" சீட்டு. ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் இல்லாமல், மேலே எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வருகிறோம். சில நூறு ரூபாய் மிச்சமாகும் என்று நினைக்கிறோம். அந்தச் சீட்டில் கடையின் பெயர்கூட இருக்காது. பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் சொல்கிறது; கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே சீட்டோடுதான் வந்துவிட்டீர்கள் என்றால், ஜிபே ரசீதையும் ஆர்டர் கொடுத்த வாட்ஸ்அப் மெசேஜையும் அதோடு சேர்த்து வையுங்கள். பில்லுக்கு இது ஈடாகாது. வெறும் கையோடு போவதற்கு இது மேல்.

3. தவறு எங்கே என்று முதலில் உங்களுக்கே நிரூபித்துக்கொள்ளுங்கள்

என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி, புது வீட்டில் மாட்டிய எல்இடி பல்புகளில் 11 ஒரே வாரத்தில் போய்விட்டன என்று, கடைப் பெயரோடு "டூப்ளிகேட் விற்கிறான்" என்று குரூப்பில் போட்டுவிட்டான். மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். த்ரீ பேஸ் இணைப்பு. மீட்டர் போர்டில் நியூட்ரல் லூசாகக் கிடந்தது. நியூட்ரல் பிடிப்பு விட்டால் லோடு குறைந்த பேஸில் வோல்டேஜ் 300-ஐத் தாண்டும். எந்தக் கம்பெனி பல்பாக இருந்தாலும் போகும். ஸ்குரூவை இறுக்கியதோடு வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்த மெசேஜ் அதற்குள் நாலு குரூப்புக்குப் போயிருந்தது. தம்பி நேரில் போய் மன்னிப்புக் கேட்டான். கடைக்கார அண்ணாச்சி "சரி விடுப்பா" என்றார். பரவிய மெசேஜைத் திரும்பப் பிடிக்க ஒருவராலும் முடியவில்லை.

எனவே எழுதும் முன் அளந்து பாருங்கள். ஒயரை வைத்தே காட்டுகிறேன்.

ஒன்றரை ஒயர் (1.5 சதுர மி.மீ.) காயில் மெலிசாகத் தெரிகிறது, காப்பர் குறைவு என்று சந்தேகம். காப்பர் குறைந்தால் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, கூடும்; அதை ஓம் கணக்கில் அளக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்வது சாட்சி ஆகாது. காயிலைப் பிரிக்காமல் இரண்டு முனையையும் சீவி, மல்டிமீட்டரை ஓம் 200 ரேஞ்சில் வையுங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று வைத்து வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், 0.3 என்று வைத்துக்கொள்வோம். பிறகு காயிலை அளக்கிறீர்கள், 1.9 வருகிறது. மீட்டர் ஒயரின் 0.3-ஐக் கழித்தால் 1.6 ஓம்.

வீட்டுக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. மல்டி ஸ்ட்ராண்ட் ஒயருக்கு, 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 13.3 ஓம்தான் இருக்கலாம். 90 மீட்டர் காயிலுக்கு அது 1.2 ஓம். நம் ஊர் வெயிலில் 35 டிகிரி என்று வைத்தாலும் 1.27-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் காயில் 1.6 காட்டுகிறது. சாதாரண மீட்டரில் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்று வைத்தாலும் இது அதிகம்.

அதோடு நிறுத்தாமல், அதே மீட்டரில், அதே இடத்தில், சந்தேகமில்லாத வேறொரு ஒன்றரைக் காயிலையும் அளந்து படம் எடுங்கள். இது 1.6, அது 1.2 என்று பக்கத்தில் பக்கத்தில் நின்றால், மீட்டர் சரியில்லை என்ற பதிலுக்கு இடமே இல்லை.

பிறகு ஐஎஸ்ஐ முத்திரை. வீட்டு ஒயருக்கு அந்த முத்திரை கட்டாயம். ஐஎஸ் 694 என்ற எண் இருக்க வேண்டும். முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் யார் பெயரில், எந்தப் பொருளுக்கு, இப்போது செல்லுபடியாகிறதா என்று காட்டும். பெயர் பொருந்தவில்லை என்றால் விஷயம் கடையைத் தாண்டிவிட்டது. அதே செயலியில் போலி முத்திரை பற்றியும் புகார் கொடுக்கலாம்.

4. கடனும் கமிஷனும் இருந்தால் அதை முதலில் பேசுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கடைக்கு நீங்கள் பாக்கி வைத்திருக்கும்போது புகார் எழுதினால், "பாக்கி கேட்டேன், அதனால் அவதூறு பரப்புகிறான்" என்று கடைக்காரர் திருப்பிவிடுவார். முடிந்தால் பாக்கியைக் கட்டிவிட்டு எழுதுங்கள். முடியாவிட்டால் புகாரிலேயே தொகையைச் சொல்லிவிடுங்கள்: "கடைக்கு நான் தர வேண்டியது இவ்வளவு, இந்தப் புகாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை." நீங்களே சொன்ன பிறகு அவர் கையில் அந்த ஆயுதம் இல்லை.

கமிஷனும் அப்படித்தான். கடை உங்களுக்குக் கமிஷன் தருவது வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருந்தால், புகார் சூடுபிடிக்கும் நாளில் கடைக்காரரே அதை வெளியே சொல்வார். அன்றைக்கு வீட்டுக்காரர் உங்கள் பக்கம் நிற்கமாட்டார். முன்னாலேயே நீங்கள் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

5. கடைக்காரருக்கு எழுத்தில் சொல்லி, நாள் கொடுங்கள்

முதலில் நேரில் போங்கள். பொருளைக் காட்டுங்கள், கத்தாதீர்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும். கடைக்காரருக்கும் அது டீலரிடமிருந்து சீல் போட்ட பெட்டியில்தான் வந்திருக்கும். அவரும் ஏமாந்தவராக இருக்கலாம்.

அன்று மாலையே பேசியதை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி அனுப்புங்கள். வாய்ப்பேச்சுக்குத் தேதி கிடையாது; மெசேஜுக்கு உண்டு. இப்படி எழுதலாம்:

"அண்ணாச்சி வணக்கம். இன்று நேரில் சொன்னதை எழுத்திலும் அனுப்புகிறேன். இந்தத் தேதியில், இந்தப் பில் எண்ணில் வாங்கிய 1.5 ஒயர் 4 காயிலில், 2 காயிலில் ரெசிஸ்டன்ஸ் 1.6 ஓம் வருகிறது. மற்ற 2 காயிலில் 1.2 வருகிறது. நான்கையும் ஒரே மீட்டரில் அளந்தேன். படங்கள் இணைத்துள்ளேன். இரண்டு காயிலும் பயன்படுத்தாமல் அப்படியே இருக்கின்றன. மாற்றித் தர வேண்டும், அல்லது அந்த இரண்டின் விலையைத் தர வேண்டும். 10 நாளுக்குள் பதில் சொல்லுங்கள்."

திருடன், டூப்ளிகேட் போன்ற சொற்கள் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். காப்பர் குறைவு என்றுகூட இதில் எழுதவில்லை. நாம் அளந்தது ரெசிஸ்டன்ஸைத்தான். அளந்ததை மட்டும் எழுதினால் அதை யாராலும் அசைக்க முடியாது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுப்பது வேறு. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ஆகவே பொருளை வாங்கிய ஒரு மாதத்துக்குள் இந்த மெசேஜை அனுப்பிவிடுவது நல்லது. அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள்; ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருந்தால் அதன் உண்மையைக் கேள்வி கேட்க முடியும்.

6. அடுத்து எந்த வாசலைத் தட்டுவது?

கொடுத்த நாள் முடிந்த பிறகுதான் இந்தப் படி. ஒரே நாளில் எல்லா இடத்திலும் புகார் போடாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் "வேறு இடத்தில் விசாரணையில் உள்ளது" என்று மூடிவிட வாய்ப்புண்டு.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். சாட் பாக்ஸில் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது இந்தக் கணக்கில் வராது. தளத்தின் அடியில் அவர் பெயரும் மெயிலும் இருக்கும், அங்கே எழுதுங்கள்.

கடையில் வாங்கியிருந்தால் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு பேட்ச் எண்ணோடு எழுதுங்கள். கம்பெனிக்கு உங்கள் 2 காயில் பெரிதல்ல. அந்த பேட்ச் முழுவதும் பிரச்சினையா என்பதுதான் அவர்களுக்குப் பயம்.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி மையம், 1915. தமிழிலேயே பேசலாம், இணையதளத்திலும் செயலியிலும் பதியலாம். ஒரு டாக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) தருவார்கள், அதை பில் மேலேயே எழுதி வையுங்கள். இவர்கள் கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. அதை நீதிமன்றம் என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசி வாசல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். உதவி மையத்தில் பதிந்திருப்பதால் இந்த 2 ஆண்டு நீளாது.

எம்எஸ்எம்இ சமாதான் தளத்துக்குப் போகாதீர்கள். அது பொருளோ வேலையோ கொடுத்துவிட்டுப் பணம் வராமல் இருக்கும் சிறு தொழில்களுக்கானது. பெயரைப் பார்த்துவிட்டு அங்கே பதிந்து காலத்தை வீணாக்குகிறார்கள். பெரிய கான்ட்ராக்ட் எடுத்து மொத்தமாகத் தன் பெயரில் வாங்கியவருக்கு நுகர்வோர் வழி பெரும்பாலும் ஒத்துவராது. வக்கீல் நோட்டீஸ், சிவில் கோர்ட்தான்.

7. புகார்ப் பெட்டியில் எப்படி எழுதுவது?

படிக்கிறவர் ஒரு நாளில் நிறையப் புகார்களைப் படிப்பவர். முதல் இரண்டு வரியிலேயே என்ன பொருள், எப்போது வாங்கியது, என்ன குறை, என்ன வேண்டும் என்பது தெரிந்துவிட வேண்டும். கதை பிறகு.

தேதி வரிசையில் எழுதுங்கள்: வாங்கிய நாள், குறை தெரிந்த நாள், நேரில் சொன்ன நாள், மெசேஜ் அனுப்பிய நாள், அவர் பதில் அல்லது பதில் இல்லாதது.

கேட்பதை எண்ணில் கேளுங்கள். "நியாயம் வேண்டும்" என்று முடித்தால் கம்பெனி ஒரு வருத்தக் கடிதம் அனுப்பிவிட்டு, தீர்க்கப்பட்டது என்று மூடிவிடும். "2 காயில் மாற்று அல்லது இவ்வளவு ரூபாய்" என்று எழுதினால், அது கைக்கு வராமல் தீர்ந்தது என்று சொல்வது கடினம். இழுத்த ஒயரைப் பிடுங்கி மறுபடி இழுத்த கூலியையும் கேட்கலாம். எத்தனை ஆள், எத்தனை நாள், என்ன சம்பளம் என்ற கணக்கோடு கேளுங்கள். மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்று ஆரம்பித்தால், உண்மையான கணக்கையும் நம்பமாட்டார்கள்.

8. பொதுவில் எழுதுவது, அதுவும் எப்போது?

மற்ற தொழிலாளிகளை எச்சரிப்பது நம் கடமை என்று நான் நினைக்கிறேன். தரமில்லாத ஒயர் சுவருக்குள் போனால் என்றைக்கோ ஒருநாள் அந்த வீடு தீப்பிடிக்கலாம். ஆனால் கடைக்கு நாள் கொடுத்து, அது முடிந்து, எழுத்தில் சொன்ன சான்றும் கையில் இருக்கும்போதுதான் எழுத வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான பொருள் என்றால் காத்திருக்க வேண்டாம். அப்போதும் கடையை விட்டுவிட்டு, பொருள், பேட்ச் எண், நீங்கள் அளந்தது இவற்றை மட்டும் போடுங்கள். எச்சரிக்கைக்கு அது போதும்.

கூகுள் மேப்பில் ரிவ்யூ எழுதினால் ஒரே ஒரு முறை, உங்கள் சொந்தக் கணக்கில், உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள். நண்பர்கள் பத்துப் பேரைக் கூட்டி ஒரு ஸ்டார் போடச் செய்தால், போலி ரிவ்யூ என்று உங்களுடையதும் சேர்ந்தே நீக்கப்படும். கடைக்காரரின் குடும்பம், சாதி, ஊர், பழைய வழக்கு எதையும் இழுக்காதீர்கள். பில்லைப் படமாகப் போடும்போது போன் நம்பர்களையும் வீட்டுக்காரர் பெயரையும் மறைத்துவிடுங்கள்.

அவதூறு குற்றம், நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. உண்மையைப் பொதுநலனுக்காகச் சொல்வதற்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் உண்மை என்று காட்ட வேண்டியவர் நீங்கள். "இரண்டு காயிலில் 1.6 ஓம் வந்தது, 10 நாள் கழித்தும் பதில் இல்லை" என்பதைக் காட்ட முடியும். "இவன் கடையில் எல்லாமே டூப்ளிகேட்" என்பதை எப்படிக் காட்டுவீர்கள்?

9. தீர்ந்த பிறகு

மாற்றுப் பொருள் வந்ததும் அதையும் அளந்து பாருங்கள். அதே பேட்சிலிருந்து இன்னொன்றைக் கொடுத்து அனுப்புவது நடக்கும்.

பணம் தருவதாகச் சொல்லி, முதலில் ரிவ்யூவை நீக்கச் சொன்னால், பணம் வந்த பிறகே என்று சொல்லுங்கள். அப்போதும் நீக்குவதைவிட, "இந்தத் தேதியில் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார்" என்று கீழே சேர்ப்பது நல்லது. குரூப்பில் போட்டிருந்தால், எந்தெந்தக் குரூப்பில் போட்டீர்களோ அத்தனையிலும் இதையும் போடுங்கள்.

உதவி மையம் புகாரை மூடும்போது உங்களுக்குத் தீர்ந்ததா என்று கருத்துக் கேட்டு மெசேஜ் வரும். தீரவில்லை என்றால் தீரவில்லை என்றே பதியுங்கள். ஆணையத்துக்குப் போகும்போது அந்தப் பதிலும் உங்கள் காகிதங்களில் ஒன்று. கெட்ட காயிலில் ஒரு முழம் வெட்டி, பேட்ச் எண் உள்ள கவரோடு ஒரு பையில் போட்டு, தேதி எழுதி, அந்த 2 ஆண்டு முடியும் வரை பரண் மேல் வைத்திருங்கள்.